குளிரில் கிடப்பதும் குளிருக்குப் போவதும்

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். சொல்லப்போவது இரண்டு அந்துப்பூச்சிகளைப் பற்றி. அதில் ஒன்றின் கதை மட்டுமே ஏழு வருஷம் ஓடும்.

ராத்திரியில் ட்யூப் லைட்டைச் சுற்றும் அந்துப்பூச்சியைப் பார்த்தால் நமக்கு ஒரு பரிதாபம் வரும். நாலு நாள் வாழ்க்கை, அதிலும் பாதி விளக்கில் மோதியே போகிறதே என்று. ஆனால் சிறகோடு நாம் பார்ப்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று மூன்று கட்டங்கள் முடிந்திருக்கின்றன. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு காலம் ஒதுக்குவது என்பதை அந்தந்த இனம் அதனதன் ஊருக்கு ஏற்பத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கும் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று கனடாவின் வடகோடியிலும் கிரீன்லாந்திலும் இருக்கும் துருவக் கம்பளிப்புழு அந்து, அறிவியல் பெயர் கைனஃபோரா குரோன்லாண்டிகா. மற்றது தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் போகாங் அந்து, அக்ரோடிஸ் இன்ஃபூசா.

முதலாவதற்குக் குளிர்தான் தொல்லை, இரண்டாவதற்கு வெயில்தான் தொல்லை என்று பிரித்து வைக்கத் தோன்றும். வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் இரண்டும் கோடையில்தான் போய் ஒளிகின்றன. இரண்டுக்குமே குளிர் ஒரு வசதி. அது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

அதற்கு முன் ஒரு அடிப்படை. நம் உடம்பு வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் 37 டிகிரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்காகவே நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி செலவாகிறது. சும்மா இருக்கும் பூச்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெளியே சூடானால் உடம்பும் சூடாகும், உள்ளே எல்லா வேலையும் வேகமாக நடக்கும், சேர்த்து வைத்த கொழுப்பும் வேகமாகக் கரையும். குளிர்ந்தால் எல்லாம் மெதுவாகும், கொழுப்பு மிஞ்சும். சாப்பிட ஏதாவது இருக்கும்வரை சூடு நல்லது. சாப்பாடு இல்லாத மாதங்களில் அதே சூடு ஆளைத் தின்றுவிடும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டு பூச்சிகளும் செய்கிற அத்தனை விசித்திரமும் நியாயமாகத் தெரியும்.

முதலில் வடக்கே போவோம். எல்ஸ்மியர் தீவின் கிழக்குக் கரையில் அலெக்ஸாண்ட்ரா ஃபியோர்டு என்று ஒரு தாழ்நிலம். ஏறக்குறைய 79 டிகிரி வடக்கு. சுற்றிலும் பனிப்பாறை; நடுவே கொஞ்சம் பச்சை. கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை, ஆனாலும் காற்றின் வெப்பம் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. மரம் கிடையாது. கணுக்கால் உயரத்துக்குத் தரையோடு படர்ந்து கிடக்கும் ஆர்க்டிக் வில்லோதான் அங்கே மரத்துக்குப் பதில். அதன் மொட்டையும் தளிரையும் தின்றுதான் இந்தப் புழு வளர்கிறது. ஓல்கா குகல் என்ற ஆய்வாளரும் பீட்டர் கெவனும் 1980களில் இங்கே தங்கி இதைக் கவனித்தார்கள். உலகத்துக்கு இந்தப் பூச்சி தெரியவந்ததில் பெரும்பங்கு அவர்களுடையது.

ஜூனில் பனி உருகியதும் புழு வெளியே வரும். வந்ததும் பசியில் தின்னப் பாயும் என்றுதானே நினைப்போம்? விழித்திருக்கும் நேரத்தில் சுமார் அறுபது சதவீதம் வெயில் காய்கிறது. தின்பது இருபது சதவீதம், நடப்பது இருபது சதவீதம். வெயில் காய்வதையும் சும்மா செய்வதில்லை: கதிர் முழு உடம்பிலும் விழுகிற மாதிரி சூரியனுக்குக் குறுக்கே திரும்பிக் கிடக்கும். உடம்பெல்லாம் அடர்ந்த மயிர் காற்றைத் தடுப்பதால் வாங்கிய சூடு போகாது. காற்றில்லாத தெளிந்த நாளில் புழுவின் உடம்பு 30 டிகிரி வரை ஏறிவிடும். பக்கத்தில் பனி கிடக்க, புழுவின் வயிற்றுக்குள் மட்டும் நம் ஊர் வெயில். தின்ற இலை செரிக்க அந்தச் சூடு வேண்டும். அறுபது சதவீதம் சோம்பல் போலத் தெரிகிற அது உண்மையில் அடுப்பெரிக்கிற வேலை.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஜூன் முடிந்ததும் புழு தின்பதை நிறுத்திவிடுகிறது. வெயில் நன்றாக அடிக்கிறது, இலை இருக்கிறது, இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கோடை பாக்கி இருக்கிறது. அப்போது போய்க் கல்லடியில் பட்டு நூலால் ஒரு சின்ன உறைவிடம் பின்னிக்கொண்டு படுத்துவிடும். அடுத்த ஜூன் வரைக்கும் எழுந்திருக்காது.

ஏன் இந்த அவசரம்? இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, இலையின் தரம். ஜூன் தளிரில் சத்து அதிகம். ஜூலை போகப்போக வில்லோ தன் இலையில் துவர்ப்புப் பொருள்களை ஏற்றிவிடும். தின்றாலும் பெரிய லாபம் இல்லை. இன்னொன்று, எதிரி. அந்தக் குளிர் தேசத்திலும் இதைத் தேடி வருகிற ஒட்டுண்ணிக் குளவி ஒன்றும் ஒட்டுண்ணி ஈ ஒன்றும் இருக்கின்றன. புழுவின் உடம்பில் முட்டை வைத்துவிடும். பொரித்து வருவது புழுவை உள்ளிருந்தே தின்னும். ஆய்வு நடந்த இடத்தில் பாதிக்கு மேற்பட்ட புழுக்கள் இவற்றால்தான் செத்தன. துருவத்தில் வாழும் பூச்சிக்கு முதல் எமன் குளிர் இல்லை, குளவியும் ஈயும்தான் என்றால் யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். அவை சுறுசுறுப்பாகப் பறக்கிற நேரத்தில் புழு கண்ணில் படாமல் கல்லடியில் கிடக்கிறது. உறைந்த தரையை ஒட்டிய அந்தக் குளிர்ச்சியில் கொழுப்பும் வீணாகாது.

பிறகு குளிர்காலம் வருகிறது. புழு உறைகிறது. உறைவது என்றால் நிஜமாகவே உறைவது, தொட்டால் கல் மாதிரி. மைனஸ் 70 டிகிரி வரை இது தாங்கும் என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. பனிக்கட்டி எப்படிக் கொல்லும் என்று பார்த்தால், செல்லுக்குள் கட்டி உருவானால் அது செல்லைக் கிழித்துவிடும். இந்தப் புழுவில் பனிக்கட்டி செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தில்தான் உருவாகிறது. செல்லுக்குள் கிளிசரால் சேர்ந்திருக்கும். நம் வீட்டு சோப்பிலும் இருமல் மருந்திலும் இருக்கும் அதே கிளிசரால்தான். அது இருக்கும்போது தண்ணீர் எளிதில் கட்டியாகாது, செல்லும் அளவுக்கு மீறிச் சுருங்காது. இதோடு நிற்கவில்லை. செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவையே புழு குளிர்காலத்துக்கு முன் கலைத்துவிடுகிறது. வசந்தத்தில் மறுபடி கட்டிக்கொள்கிறது. சக்தி தேவைப்படாத மாதங்களில் அந்தச் சாதனத்தை வைத்துக் காப்பதும் ஒரு செலவு அல்லவா?

ஆக வருஷத்துக்கு ஒரு மாதம் வளர்ச்சி, பதினொரு மாதம் படுக்கை. இப்படி ஏழு முறை தோலுரிக்க வேண்டும். எத்தனை வருஷம் ஆகும்? 1987இல் குகலும் கெவனும் 14 வருஷம் என்று மதிப்பிட்டார்கள். அந்த எண் உலகமெங்கும் பரவிவிட்டது. இன்றைக்கும் பல இடங்களில் 14 என்றே சொல்கிறார்கள். 1998இல் மோர்வுட், ரிங் என்ற இருவர் அதே இடத்தில் மறுபடி பார்த்துவிட்டு, புழு ஒவ்வொரு வருஷமும் ஒருமுறை தோலுரிக்கிறது, முழு வாழ்க்கையும் ஏழு வருஷம்தான் என்று திருத்தினார்கள். பாதியாகக் குறைந்துவிட்டதே என்று அதிசயம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏழு வருஷமும் ஒரு பூச்சிக்கு மிகமிக அதிகம். ஆனால் திருத்தம் மூலக்கதை அளவுக்குப் பரவுவதில்லை. பதினான்கு என்று யாராவது சொன்னால் நீங்கள் மெதுவாகச் சொல்லிவிடலாம்.

கடைசி வருஷம் ஜூனில் கூடு கட்டி, கூட்டுப்புழுவாகி, அந்தாகி, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, செத்துப்போவது எல்லாம் ஒரே கோடைக்குள் முடிகிறது. பெண்ணுக்குச் சிறகு இருந்தும் பெரும்பாலும் தான் வெளிவந்த கூட்டை விட்டு நகர்வதில்லை. வாசனை விட்டு ஆணை வரவழைக்கிறது. முட்டையையும் பெரும்பாலும் அந்தக் கூட்டின் மேலோ பக்கத்திலோ வைக்கிறது. வளர்ந்த அந்து எதையும் தின்பதில்லை. ஏழு வருஷம் சேர்த்ததைச் சில நாளில் செலவழித்துவிட்டுப் போகிறது.

டீ ஆறிப்போயிருந்தால் இன்னொரு கப் ஊற்றிக்கொள்ளுங்கள். இனி தெற்கே போகவேண்டும், தூரம் அதிகம்.

போகாங் அந்துவின் புழுவை நம் ஊர் விவசாயிக்கு அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை. அக்ரோடிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த வெட்டுப்புழு அது. அதன் நெருங்கிய உறவுக்காரப் புழுதான் நீலகிரியில் உருளைக்கிழங்குச் செடியை ராத்திரியில் அடித்தண்டோடு அறுத்துப் போடுகிறது. போகாங் புழு தென் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸின் மேற்குச் சமவெளி, மேற்கு விக்டோரியா ஆகிய இடங்களில் மேய்ச்சல் நிலத்து மண்ணுக்குள் வாழ்கிறது. அங்கே குளிர்காலத்தில்தான் அகன்ற இலைச் செடிகள் பச்சையாக இருக்கும். கோடை வந்தால் காய்ந்துபோகும். ஆகவே முட்டை பொரிந்து புழு வளர்வது எல்லாம் குளிர்காலத்துக்குள். வசந்தத்தில் அந்தாகி வெளியே வந்துவிடும்.

வந்ததும் ஜோடி சேர்ந்து முட்டை வைத்தால் என்ன ஆகும்? பிறக்கும் புழுக்களுக்குக் கோடையில் தின்ன ஒன்றுமிருக்காது. ஆகையால் அந்து அடுத்த குளிர்காலம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். சமவெளியின் கொதிக்கும் வெயிலில் காத்திருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். குளிர் வேண்டும். சமவெளியில் குளிர் இல்லை. அதனால் சிறகை விரித்தால் ஐந்து சென்டிமீட்டர் வருகிற இந்தப் பூச்சி, ஆயிரம் கிலோமீட்டர் வரை பறந்து ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறது. கோடை முழுவதும் அங்கே உயரத்திலுள்ள பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் கிடக்கும். உள்ளே பத்து டிகிரிக்குப் பக்கத்தில்தான் வெப்பம். இலையுதிர் காலத்தில் அதே பூச்சி, வந்த தூரத்தைத் திரும்பப் பறந்து சமவெளிக்கு வந்து, முட்டையிட்டுச் சாகும்.

துருவத்துப் புழு இருக்கும் இடத்துக்கே குளிர் வந்துவிடுகிறது. போகாங் அந்து குளிரைத் தேடிக்கொண்டு போகிறது. ஒன்று காலத்தைப் புழுவாகக் கழிக்கிறது, மற்றது சிறகு முளைத்த பிறகு கழிக்கிறது. இடம் மாறவேண்டியதற்குத்தானே சிறகு வேண்டும்? எல்ஸ்மியரில் வாழ்க்கையின் நீளமெல்லாம் காலில் போனதற்கும், ஆஸ்திரேலியாவில் அது சிறகில் போனதற்கும் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

குகைக்குள் அவை அடுக்கிக்கொள்ளும் விதம் பார்க்கத் தக்கது. முதலில் வந்தவை உள்ளே இருண்ட, ஈரமான, வெப்பம் ஏறி இறங்காத இடத்தைப் பிடிக்கும். அடுத்து வருகிறது முன்னதன் சிறகுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்தது இதன் சிறகுக்கு அடியில். பாறைச் சுவர் முழுக்க நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி பழுப்பு நிறத்தில் மூடிவிடும். ஐயன் காமன் என்ற ஆய்வாளர் 1950களில் எண்ணிப் பார்த்து, ஒரு சதுர மீட்டரில் 17,000 வரை என்று எழுதினார்.

வழி எப்படித் தெரிகிறது என்பது நியாயமான கேள்வி. இந்த அந்து மலையைப் பார்த்ததே இல்லை. அம்மா அப்பா போன இலையுதிர் காலத்திலேயே செத்தாயிற்று. கூட்டிக்கொண்டு போக யாரும் இல்லை. பறப்பதும் இரவில். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரன்ட்டும் டேவிட் டிரையரும் குழுவினரும் இதற்காக ஒரு ஏற்பாடு செய்தார்கள். பிடித்த அந்துவை மெல்லிய தண்டில் ஒட்டி, நின்ற இடத்தில் பறக்கவிட்டு, அது எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்று பதிவுசெய்தார்கள். 2018இல் அவர்கள் சொன்னது: பூமியின் காந்தப்புலத்தை இது உணர்கிறது, கண்ணில் படும் அடையாளத்தோடு அதை ஒப்பிட்டுப் பறக்கிறது. 2025இல் வந்தது இன்னும் பெரிய செய்தி. காந்தப்புலத்தை நீக்கிவிட்டு மேலே அந்த இரவின் வானத்தைப் படமாகக் காட்டியபோதும், வசந்தத்தில் தெற்கேயும் இலையுதிர் காலத்தில் வடக்கேயும் சரியாகத் திரும்பியது. வானத்தை 180 டிகிரி சுற்றிவிட்டால் பூச்சியும் திரும்பிக்கொண்டது. விண்மீன்களைக் கலைத்துப் போட்டால் திசை கெட்டுத் தடுமாறியது. நெடுந்தூரம் போக விண்மீன்களைத் திசைகாட்டியாகக் கொள்ளும் பூச்சி என்று உறுதியானது இதுதான் முதல் முறை. மேகம் மூடினால் காந்தப்புலம் மட்டும் போதும். இரண்டு ஏற்பாடு வைத்திருக்கிறது.

மூளை என்னவோ அரிசி மணியைவிடச் சிறியது. அதற்குள் பருவத்துக்கு ஒரு திசை எழுதப்பட்டிருக்கிறது. துருவப் புழுவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கோடையில் அதன் வானத்தில் விண்மீனே தெரியாது, தெரிகிற காலத்தில் அது கல்லாகக் கிடக்கும். ஒற்றைச் சூரியனைப் பார்த்து உடம்பைத் திருப்பத் தெரிந்தால் போதும்.

இவ்வளவு கொழுப்பு ஓரிடத்தில் குவிந்தால் ஆள் வராமல் இருக்குமா? நீரை நீக்கிப் பார்த்தால் மலைக்கு வந்த போகாங் உடம்பில் பாதிக்கு மேல் கொழுப்புதான். பழங்குடி மக்கள் கோடையில் பல திசையிலிருந்தும் இந்த மலைகளுக்கு வந்து கூடியிருக்கிறார்கள்; சூடான சாம்பலில் வாட்டிச் சிறகையும் காலையும் நீக்கித் தின்பார்கள், இடித்து அடையாகவும் தட்டிக்கொள்வார்கள். குணைகுர்னை மக்களின் நிலத்திலுள்ள கிளாக்ஸ் குகையில் கிடைத்த, ஏறக்குறைய 2,000 ஆண்டு பழைய அரைகல்லில் இந்த அந்துவின் எச்சம் ஒட்டியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காக்கைகள் வரும், நரிகள் வரும். குகைத் தரையில் ஒட்டுண்ணி உருளைப்புழுக்கள் காத்திருக்கும். எல்ஸ்மியரில் குளவியும் ஈயும் செய்வதை இங்கே இவை செய்கின்றன.

எல்லாருக்கும் மேலாக இதை நம்பியிருப்பது மலைக் குள்ளப் போசம் என்ற, 45 கிராம் எடையுள்ள பைம்மாப் பிராணி. இது 1895இல் எலும்புப் படிவமாகத்தான் அறிவியலுக்குத் தெரிந்தது. அழிந்துபோன இனம் என்றே எண்ணியிருந்தார்கள். 1966இல் மவுண்ட் ஹோதம் பனிச்சறுக்குக் குடில் ஒன்றுக்குள் உயிரோடு ஒன்று அகப்பட்டது. குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் உறங்கிவிட்டு வசந்தத்தில் எலும்பும் தோலுமாக எழுகிற நேரத்தில்தான் அந்துகள் வந்திறங்கும். சமவெளியில் வெட்டுப்புழு தின்ற களைச்செடிதான், மலையுச்சியில் போசம் குட்டிக்குப் பாலாகிறது.

அதே வழியில் வேண்டாததும் ஏறியது. 2001இல் கென் கிரீனும் குழுவினரும் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு குகை வாயிலில் புல் கருகிக் கிடந்ததையும், காரணத்தைத் தேடியபோது அந்துகளின் உடம்பில் ஆர்சனிக் இருந்ததையும் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் இருந்தது துளிதான். லட்சக்கணக்கில் செத்துக் குவிந்து, மழையில் கரைந்து வழிந்ததும் விஷமாகிவிட்டது.

2017 முதல் 2019 வரை ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி. சமவெளியில் புழுக்களுக்குத் தின்ன இலையில்லை. கோடிக்கணக்கில் வரவேண்டிய அந்துகள் மலைக்கு வரவில்லை, வீழ்ச்சி 99.5 சதவீதம் வரை இருந்ததாக மதிப்பிட்டார்கள். சில குகைகளில் ஒன்றுகூட இல்லை. பல போசம் தாய்களின் பைக்குள்ளேயே குட்டிகள் பட்டினியில் செத்தன. 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போகாங் அந்துவை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலில் சேர்த்தது. மழை திரும்பிய பிறகு எண்ணிக்கை ஓரளவு மீண்டிருக்கிறது, பழைய கூட்டம் இல்லை. அவை போகிற வழியில் நகர விளக்குகளும் இழுத்துவிடுகின்றன. கான்பெராவின் நாடாளுமன்றக் கட்டடத்தில் இவை மொய்ப்பது பழைய கதை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸ் அரங்கத்து விளக்குகளுக்கும் திரண்டுவந்தன. விக்டோரியாவின் விலங்குக் காட்சிசாலைகள் வசந்தத்தில் தேவையற்ற விளக்குகளை அணைக்கச் சொல்லி மக்களைக் கேட்டுக்கொள்கின்றன.

இரண்டில் எது பலவீனமானது என்று கேட்டால் நான் போகாங் என்றுதான் சொல்வேன். எண்ணிக்கையில் அது எவ்வளவோ பெரிய கூட்டம். ஆனால் அதற்குச் சமவெளி ஒழுங்காக இருக்கவேண்டும், வழி இருட்டாக இருக்கவேண்டும், மலை குளிர்ந்திருக்கவேண்டும். மூன்றில் எது கெட்டாலும் ஓராண்டில் கணக்கு முடிந்துவிடும், ஏனென்றால் மொத்த வாழ்க்கையும் அந்த ஓராண்டுதான். துருவப் புழுவிலோ வெவ்வேறு வயதுள்ளவை ஒரே நேரத்தில் கல்லடியில் இருக்கின்றன. ஒரு கோடை மோசமானால் மிச்சமுள்ளவை அடுத்த கோடைக்கு எழுந்திருக்கும்.

அதற்கும் கவலை இல்லாமல் இல்லை. குளிர்காலம் மிதமாகி உறைவதும் உருகுவதுமாக மாறிமாறி வந்தால், உறையாத நாளெல்லாம் கொழுப்பு கரையும். கோடை நீண்டால் குளவிக்கும் ஈக்கும் நேரம் கூடும். ஒன்று இன்னும் வடக்கே போகவேண்டியிருக்கும், மற்றது இன்னும் உயரே. எல்ஸ்மியர் தீவின் நிலம் 83 டிகிரியில் கொலம்பியா முனையோடு முடிந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் இருக்கிற மிக உயரமான இடம் கோசியஸ்கோ, 2,228 மீட்டர்; போகாங் அந்துகள் ஏற்கனவே அந்த மலைத்தொடரில்தான் இருக்கின்றன.